சாட்சிக் கூண்டில் மனசாட்சி

‘என் மனசாட்சி இதற்கு ஒப்பவில்லை’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு வளர்வதில்லை. பதவியை விட்டு விலகுகிறவர், போருக்குப் போக மறுக்கிறவர், பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்கிறவர், கட்சியின் உத்தரவை மீறி ஓட்டுப் போடுகிறவர் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான். அறிவிடம் காரணம் கேட்கலாம், கையிடம் கணக்குக் கேட்கலாம். மனசாட்சியிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. இந்த அந்தஸ்தை அதற்கு உலகமெங்கும் வாங்கிக் கொடுத்தது ‘கான்ஷியன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல். நம் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவில் மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு முன்னால் நிற்பது அந்தச் சொல்தான். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவிலேயே அது இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு இந்த அதிகாரம் கிடையாது. மனசாட்சி நமக்குள் இருக்கும் நீதிபதியா, சட்டம் இயற்றும் அரசனா, கண்டதைச் சொல்லும் சாட்சியா? அந்தச் சொல் கடந்து வந்த பாதையைப் பின்தொடர்ந்தால் மூன்றாவது விடைதான் நிற்கிறது. அதைச் சாட்சியாக மட்டும் ஏற்றுக்கொண்டால் அதன் மதிப்புக் குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கூடும் என்பது என் வாதம்.

லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதற்கு முன்னால் ‘கூட’ என்று பொருள் தரும் ‘கான்’ சேர்ந்து ‘கான்ஸ்கியென்டியா’ ஆயிற்று. ஒருவரோடு சேர்ந்து ஒன்றை அறிந்திருப்பது அதன் முதல் பொருள். பெரும்பாலும் அந்த ஒன்று வெளியே சொல்ல முடியாத ஒன்றாகவே இருந்தது. ஒருவன் செய்த சதியைக் கூட இருந்து அறிந்தவனை ரோமானியர்கள் ‘கான்ஸ்கியுஸ்’ என்றார்கள். ‘உடன்’ என்பதை ஒலியிலேயே ஏந்தியிருக்கும் நம் ‘உடந்தை’ இதற்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். உடந்தையாக இருந்தவன்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் மிக ஆபத்தான சாட்சி. நடந்தது அத்தனையும் அவனுக்குத் தெரியும். பிறகு இந்தச் சொல் உள்ளே திரும்பியது. நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை, ஆனால் நானே எனக்கு உடந்தை, ஆகவே நானே எனக்கு எதிரான சாட்சி. மனசாட்சி ஒன்றே ஆயிரம் சாட்சிக்குச் சமம் என்ற பொருளில் ஒரு பழமொழி அன்றே வழங்கியதைப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் முதல் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கத்திலும் இதே கட்டுமானம்தான்: ‘சுன்’ என்றால் கூட, ‘சுனெய்தேசிஸ்’ என்றால் கூடி அறிதல். கி.மு. 408இல் மேடையேறிய யூரிபிடீசின் ‘ஒரெஸ்டெஸ்’ நாடகத்தில், தாயைக் கொன்றுவிட்டு நோயாளியாகக் கிடப்பவனிடம் சிறிய தகப்பன் வந்து, உன்னை அரிப்பது என்ன நோய் என்று கேட்கிறான். தான் செய்த கொடுமை தனக்குத் தெரிந்திருப்பதுதான் தன் நோய் என்கிறான் அவன்.

எபிரேய வேதத்தில் இதற்கென்று தனிச் சொல் இல்லை. அங்கே எல்லா வேலையையும் இருதயமே பார்க்கிறது. தன்னைக் கொல்லத் தேடி அலையும் சவுல் ராஜா, தான் ஒளிந்திருக்கும் குகைக்குள்ளேயே வந்துவிட, தாவீது மெதுவாகப் போய் அவனுடைய சால்வைத் தொங்கலை அறுத்துவிடுகிறான். கொல்லவில்லை, காயப்படுத்தவில்லை, ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். அதன்பின் அவன் மனமே அவனை அடிக்கிறது. இருட்டுக் குகையில் தன்னையே ஒருவன் பார்த்துவிட்ட கணம் அது. இந்த எபிரேய இருதயத்தையும் கிரேக்கச் சொல்லையும் ஒன்றாக முடிந்தவர் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், வேதச் சட்டம் கிடைக்காத மக்களுக்கும் மனசாட்சி கூட நின்று சாட்சி சொல்கிறது என்கிறார். அதை ‘மனச்சாட்சி’ என்று தமிழில் வைத்த வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள். ஆனால் அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் சொல்வதை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. என்னிடத்தில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதனால் நான் நிரபராதி ஆகிவிட மாட்டேன் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். கூடி அறிதல் என்ற அதே வினைச்சொல்லைத்தான் அங்கேயும் பயன்படுத்துகிறார். சாட்சி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொன்னால் வழக்கு முடிந்துவிடுமா? தீர்ப்பு எழுதும் பேனா வேறொருவர் கையில் இருக்கிறது என்பது பவுலுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இடைக்காலத்து இறையியலாளர்கள் இந்தத் தெளிவை விடாமல் காத்தார்கள், விசித்திரமான ஒரு வழியில். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜெரோம், எசேக்கியேல் நூலுக்கு எழுதிய உரையில், தம்பியைக் கொன்ற காயீனின் நெஞ்சில்கூட அணையாத ஒரு பொறி உண்டு என்று எழுதி அதற்கு ஒரு கிரேக்கச் சொல்லைத் தந்திருந்தார். அது கைப்பிரதிகளில் ‘சின்டெரெசிஸ்’ என்று வந்து சேர்ந்தது. படியெடுத்தவர் கை பிசகி ‘சுனெய்தேசிஸ்’ இப்படித் திரிந்திருக்கும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பிசகாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு நல்ல பாகுபாடு பிறந்தது. நன்மையை நாடு, தீமையை விலக்கு என்ற மாறாத அடிப்படை அறிவுக்குச் சின்டெரெசிஸ் என்று பெயர். அதை இந்தச் செயலுக்கு, இந்த வேளைக்குப் பொருத்திப் பார்ப்பது கான்ஸ்கியென்டியா. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதைக் கறாராக வகுத்தார். பொருத்திப் பார்ப்பதில் தவறு நேரலாம். ஆகவே மனசாட்சி தவறலாம். தவறான மனசாட்சியையும் மீறி நடப்பது பாவம்தான், ஏனென்றால் அப்படி நடப்பவன் தீமை என்று தான் நம்பியதையே செய்கிறான். ஆனால் அதன்படி நடந்தான் என்பதற்காக அவன் செய்தது நல்லதாகிவிடாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்ட பழி அவன் மேல் நிற்கும். இந்த இரண்டையும் ஒரே கையில் பிடித்திருப்பது கடினம். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் அந்த மண்ணின் சொல் ‘இன்விட்’, அதாவது உள்ளறிவு. கான்டர்பரியில் இருந்த மைக்கேல் என்ற துறவி 1340இல் கென்ட் வட்டார மொழியில் எழுதி முடித்த நூலின் பெயர் ‘அயென்பைட் ஆஃப் இன்விட்’: உள்ளறிவு திரும்பக் கடிக்கிறது என்று பொருள். அந்த நாட்டார் அதைக் கடி என்றார்கள். நாம் உறுத்தல் என்கிறோம். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்தும், மனசாட்சியும் உறுத்தும். ‘சாட்சி’ என்ற சொல்லின் வேரான வடமொழிச் சொல் கண்ணோடு இருப்பவர், கண்ணால் கண்டவர் என்று பொருள்படும் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் நம் பேச்சு வழக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். இன்விட் பிறகு வழக்கொழிந்தது. அதில் ‘உள்ளே’ இருந்தது, ‘கூட’ இல்லை. மற்ற மொழிகள் ‘கூட’ என்பதைக் கவனமாக மொழிபெயர்த்துக்கொண்டன. ஜெர்மன் ‘கெவிஸ்ஸன்’, ஸ்வீடிஷ் ‘சம்வேதெ’, ரஷ்ய ‘சோவெஸ்த்’ ஆகிய மூன்றிலும் முன்னொட்டு கூட்டத்தைக் குறிப்பது, பின்பகுதி அறிவை அல்லது செய்தியைக் குறிப்பது. ஒரு கருத்து நாடு விட்டு நாடு போகும்போது மக்கள் அதன் ஓர் அசையைக்கூடக் கைவிட மறுத்தார்கள் என்றால், அந்த அசையில்தான் அதன் உயிர் இருக்கிறது.

அந்த அசை எப்படித் தேய்ந்தது என்பதை ஒரே பத்தியில் சொன்னவர் தாமஸ் ஹாப்ஸ். 1651இல் வெளியான ‘லெவியதான்’ நூலின் ஏழாம் அதிகாரத்தில் அவர் மூன்று படிகளைக் காட்டுகிறார். முதலில், ஒரு நிகழ்ச்சியை இருவர் சேர்ந்து அறிவது. அப்படி அறிந்தவர்களே தகுந்த சாட்சிகள் என்பதால், ஒருவனை அவன் மனசாட்சிக்கு எதிராகப் பேச வைப்பது பெரும் தீமையாகக் கருதப்பட்டது. அடுத்து, உருவகமாக, தன் இரகசியத்தைத் தானே அறிந்திருப்பது. கடைசியாக, தங்கள் புதுக் கருத்துகளின்மேல் மோகம் கொண்டவர்கள் அந்தக் கருத்துகளுக்கே மனசாட்சி என்ற மரியாதைக்குரிய பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். தாங்கள் நினைப்பதை, தாங்கள் அறிவதாகச் சொல்லிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின் புகை அடங்காத காலத்தில் எழுதியவர் என்பதால் ஹாப்ஸ் அரசின் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தார். அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் இந்தப் படிவரிசை உண்மை. அதே நூற்றாண்டில் ஆங்கிலம் இன்னொரு வேலையும் செய்தது. தன்னுணர்வு என்பதற்கு ‘கான்ஷியஸ்னஸ்’ என்று தனிச் சொல்லைப் பிரித்துக்கொண்டது. பிரெஞ்சு பிரிக்கவில்லை. 1700இல் ஜான் லாக்கைப் பிரெஞ்சில் பெயர்த்த பியர் கோஸ்ட், வழி தெரியாமல் ‘கான்-சியன்ஸ்’ என்று நடுவில் ஒரு சிறு கோட்டைப் போட்டார். உடைந்த அந்தச் சொல்லில் ‘கூட’ என்பது தனியாக, கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது.

சொல்லின் வேர் சொல்லின் பொருள் ஆகிவிடுமா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். ஆகாது. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம் என்பதற்காக இன்று சமையலறை நாற்றத்தை யாரும் புகழ முடியாது. வேரைக் காட்டி வழக்கை வெல்ல நான் முயலவில்லை. வழக்கில் இருக்கும் பேச்சையே கவனியுங்கள். மனசாட்சி உறுத்தியது, மனசாட்சிக்குத் தெரியும், மனசாட்சியைத் தொட்டுச் சொல் என்கிறோம். மூன்றும் சாட்சி செய்யும் வேலை. தொட்டுச் சத்தியம் செய்வது சாட்சிக் கூண்டில் நடப்பது; நீதிபதியின் இருக்கையில் நடப்பது அல்ல. உறுத்தலும் நடந்ததைப் பற்றியதுதான். ‘என் மனசாட்சிதான் எனக்குச் சட்டம்’ என்பது மட்டும் புதிதாக வந்து ஒட்டியது. பழைய சொல்லின் மரியாதையை அது இரவல் வாங்கிப் பேசுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கூடி அறிவதுதான் மனசாட்சி என்றால், கூட்டத்தை எதிர்த்துத் தனியே நின்றவர்களின் கதி என்ன? மார்ட்டின் லூதர் 1521 ஏப்ரல் 18 அன்று வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்றார். மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த தாமஸ் மோர் 1535 ஜூலை 6 அன்று லண்டனில் தலை கொடுத்தார். தனிமனித மனசாட்சியின் வீரர்களாக இருவரையும் இன்று ஒரே வரிசையில் வைக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டால் கதை வேறு. தன் மனசாட்சி இறைவார்த்தைக்குக் கட்டுப்பட்டது என்பதால் தான் எழுதியதிலிருந்து பின்வாங்க முடியாது என்றார் லூதர். அது சுதந்திரமானது என்று அவர் சொல்லவே இல்லை. மோரின் வழக்கு இன்னும் நுட்பமானது. 1534இல் சிறையில் மகள் மார்கரெட்டுடன் அவர் நடத்திய உரையாடலைச் சொல்லும் ஒரு கடிதத்தில், ஜூரியில் இருந்த கம்பெனி என்பவனின் கதை வருகிறது. பதினொரு பேர் ஒரு முடிவுக்கு வந்துவிட, இவன் ஒருவன் மட்டும் ஒப்பவில்லை. கூட இருப்பவர்களுக்காக ஒத்துப்போ என்று வற்புறுத்துகிறார்கள். நீங்கள் உங்கள் மனசாட்சிப்படி நடந்து சொர்க்கத்துக்குப் போவீர்கள், நான் என் மனசாட்சிக்கு எதிராக நடந்து நரகத்துக்குப் போவேன், அப்போது எனக்குத் துணையாக வருவீர்களா என்று கேட்கிறான் அவன். கூட்டம் மனசாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது. ஆனால் அதே மோர், விசாரணையில் தன் நிலைக்கு ஆதாரமாகக் காட்டியது எதை? ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கு எதிராகக் கிறிஸ்தவ உலகம் முழுவதும், வாழ்ந்து மறைந்த புனிதர்களும் தன்னோடு அறிந்திருக்கிறார்கள் என்பதைத்தான். அறையில் இருந்தவர்களைவிடப் பெரிய ஒரு கூட்டத்தோடு சேர்ந்து அவர் அறிந்தார்.

அப்படியானால் தவறான கூட்டத்தோடு சேர்ந்து அறிகிறவன்? இதுதான் என் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான கேள்வி. அதற்கான சித்திரத்தை மார்க் ட்வெயின் வரைந்து வைத்திருக்கிறார். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் 31ஆம் அதிகாரத்தில், தப்பி ஓடிய அடிமை ஜிம்மைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதற்காகச் சிறுவன் ஹக்கின் மனசாட்சி அவனைக் குத்துகிறது. உடைமைக்காரியின் சொத்தைத் திருடுகிறாய், நரகத்துக்குப் போவாய் என்கிறது. ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் இலேசாகிறது. பிறகு படகில் ஜிம் தனக்காகவும் சேர்த்து இரவுக் காவல் இருந்தது நினைவுக்கு வருகிறது. நடுங்கும் கையில் தாளைப் பிடித்திருந்துவிட்டு, நரகத்துக்கே போகிறேன் என்று கிழிக்கிறான். நல்ல இதயமும் உருக்குலைந்த மனசாட்சியும் மோதும் கதை இது என்று ட்வெயினே பின்னாளில் குறித்தார். மனசாட்சியே இறுதித் தீர்ப்பு என்கிறவர்கள் இங்கே ஹக் கடிதத்தை அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். சாட்சி என்பவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த மனசாட்சி பொய்ச் சாட்சி. அடிமை வைத்திருந்த ஊர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தது. அதைக் குறுக்கு விசாரணை செய்தது வேறொரு கூட்டறிவு: அந்தப் படகில், அந்த ஆற்றில், இரண்டு பேர் சேர்ந்து அறிந்தது. ஜிம்மின் பெயரை விசாரணையில் சேர்த்ததும் பழைய சாட்சி தடுமாறுகிறது. ஆகவே, யாரோடு சேர்ந்து அறிகிறோம், அதில் யாரை விட்டுவிட்டோம் என்ற கேள்வியை மனசாட்சியிடமும் கேட்டே தீர வேண்டும்.

கடவுளை நம்பாதவருக்கு அந்தக் ‘கூட’ இருக்கும் மற்றவர் யார் என்றும் கேட்கலாம். நம்பிக்கை உள்ளவருக்கு விடை எளிது என்று நினைப்பதும் சரியல்ல. இறைவன் தன் பக்கம் நின்று அறிகிறான் என்பதைவிட ஆபத்தான தன்னம்பிக்கை உலகில் குறைவு. ஆடம் ஸ்மித் 1759இல் பக்கச்சார்பற்ற பார்வையாளர் ஒருவரை நெஞ்சுக்குள் அமர்த்தினார். இம்மானுவேல் கான்ட் மனசாட்சியை உள்ளே கூடும் நீதிமன்றமாகவே வருணித்தவர்; என் கட்சிக்கு அவர் எதிரி என்று தோன்றும். ஆனால் 1797இல் அவர் எழுதியதை ஊன்றிப் பார்த்தால், குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒரே ஆள் என்றால் குற்றம் சாட்டுகிறவர் எப்போதும் தோற்றுப்போவார் என்கிறார். அதனால் மனிதன் தன் நீதிபதியைத் தன்னிலும் வேறான ஒருவராக எண்ணிக்கொள்ளத்தான் வேண்டும். அத்வைத மரபில் சாட்சி என்று சொல்லப்படுவதும் பார்ப்பது மட்டுமே. அது வினையாற்றுவதில்லை, பரிந்து பேசுவதும் இல்லை. அந்தத் தத்துவமும் கான்ட்டும் வேறு வேறு துருவங்கள். இருந்தாலும், உள்ளே பார்க்கும் ஒன்று என் விருப்பத்தின் கைப்பாவையாக இருக்க முடியாது என்பதில் இரண்டும் இசைகின்றன. கார்டினல் நியூமன் 1875இல் போப்பாண்டவருக்கு முன்னால் மனசாட்சிக்கே முதல் மரியாதை என்று எழுதியதைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். தன்னிச்சையாக நடக்கும் உரிமைக்கு மனசாட்சி என்று போலிப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று அதே நூலில் அவர் வருந்தியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மனசாட்சி சாட்சிதான் என்றால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவருக்கு நம் நீதிமன்றப் பேச்சிலேயே பதில் இருக்கிறது: சாட்சியைக் கலைப்பது குற்றம். சாட்சி சொல்வதெல்லாம் உண்மை என்பதால் அவரைக் காப்பதில்லை. அவரை மிரட்டினால் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டுப்போகும் என்பதால் காக்கிறோம். பிரிட்டனில் 1898இல் வந்த தடுப்பூசிச் சட்டம், மனசாட்சிப்படி மறுக்கும் பெற்றோர் நீதிபதிகளைத் திருப்திப்படுத்தினால் விலக்குத் தந்தது; 1907இல் அது வெறும் உறுதிமொழியாகத் தளர்ந்தது. 1916இல் கட்டாய இராணுவச் சேவை வந்தபோது சுமார் 16,000 பேர் மனசாட்சியின் பேரில் மறுத்தார்கள். உங்கள் தாயை ஒரு ஜெர்மானியன் தாக்கினால் என்ன செய்வீர்கள் என்று தீர்ப்பாயங்கள் கேட்டன. அது சாட்சியைக் கேட்டறியும் கேள்வி அல்ல, மடக்கும் கேள்வி. அதோடு ஒப்பிட்டால், 1986இல் நம் உச்ச நீதிமன்றம் நடந்துகொண்ட விதம் மனத்தை நிறைக்கிறது. தேசிய கீதம் பாடியபோது மரியாதையாக எழுந்து நின்றும், தங்கள் மதநம்பிக்கையால் வாய் திறக்காமல் இருந்த கேரளத்தின் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை சரியா என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதவில்லை. அது உண்மையாகக் கொண்ட நம்பிக்கையா என்று மட்டும் பார்த்தது, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சாட்சிக்கு உரிய மரியாதை அதுதான். தடுப்பூசி மறுப்பில் நிலைமை வேறு. அங்கே அந்தச் சாட்சியின் விலையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் கொடுக்க நேரலாம். அதனால் அந்தச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, அதற்கு மாறாக முடிவெடுக்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு.

மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவுக்குள் இந்தச் சொல் நுழைந்த கதையும் இதையே பேசுகிறது. 1947இல் வரைவுக் குழு கூடியபோது, மனிதர்கள் எல்லோருக்கும் பகுத்தறிவு உண்டு என்ற வாசகம் மட்டும் போதாது என்றார் சீனப் பிரதிநிதி பி.சி. சாங். கன்பூசிய மரபின் ‘ரென்’ என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அந்தச் சீன எழுத்தை எழுதிப் பார்த்தால், இடப்பக்கம் மனிதனைக் குறிக்கும் கோடுகள், வலப்பக்கம் இரண்டு என்ற எண்ணைக் குறிக்கும் இரு படுக்கைக் கோடுகள். இருவராக எண்ணும் மனம் என்று அதை அவர் விளக்கினார். அதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் குழு தேடி, கடைசியில் வைத்த சொல்தான் கான்ஷியன்ஸ். ‘கூட’ என்பதை ஐரோப்பியர்கள் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு சொல்லுக்குள், அது தெரியாமலே, இரண்டு கோடுகள் திரும்ப வந்து உட்கார்ந்தன. பிரகடனத்தின் சீன வடிவத்தில் அந்த இடத்தில் ‘லியாங்சின்’ என்ற வேறு சொல் இருக்கிறது. நல்ல உள்ளம் என்பது அதன் பொருள், இரண்டு கோடுகள் அதில் இல்லை. தமிழ் வடிவத்தில் அதே இடத்தில் மனச்சாட்சி என்று இருக்கிறது.